காலி லிஃப்ட் கீழே வராது

அத்தியாயம் ஏழு

ஓய்வு பெற ஒன்பதே நாள் பாக்கி இருக்கும்போது ஒருவர் லிஃப்டுக்கு அடியில் நசுங்கிச் செத்துப்போகிறார். அந்தப் பழியை அவர் தலையிலேயே கட்டிக் கடிதம் எழுத, அவர் வேலை பார்த்த நிறுவனத்துக்கு எத்தனை நாள் தேவைப்படும்?

பதினொன்று.

ரேடியோ கடிதத்தை மூன்றாவது முறையாகப் படித்துவிட்டு மேடத்திடம் நீட்டினான். "வேலை செஞ்ச சர்டிபிகேட் கேட்டா ஆறு மாசம் இழுத்தடிப்பாங்க மேடம். இதுக்கு மட்டும் கை என்னமா ஓடியிருக்கு பாருங்க."

ஒருமுறை திருகிவிட்டால் அணைக்க முடியாது என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். வயது நாற்பத்திரண்டு. அதில் பதினான்கு வருடங்களை மேடத்தின் துப்பறியும் ஆபீசில் கழித்திருந்தான். மேடம் அதற்கு முன்பு ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்துகளை விசாரிக்கும் வேலையில் இருந்தவர். செத்தவன் மேல் பழி போட்டால் கம்பெனிக்கு எவ்வளவு மிச்சம் என்று உள்ளே இருந்து பார்த்தவர். பொறுக்காமல் வெளியே வந்துவிட்டார்.

கடிதத்தின் சாரம் இதுதான். லிஃப்டின் பிரேக் வழுக்கியதால் விபத்து. அந்தப் பிரேக்கைப் பராமரிக்க வேண்டியவரும், கடைசியாகச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவரும் இறந்தவரே. ஆகவே இது அவருடைய கவனக்குறைவு. ஆகவே பணிக்கொடை, நஷ்ட ஈடு எதுவும் தருவதற்கில்லை.

எதிரே இறந்தவரின் மனைவி உட்கார்ந்திருந்தார். அறையில் சாமான்கள் பாதி கட்டப்பட்டுப் பாதி அவிழ்க்கப்பட்டுக் கிடந்தன. பாத்திரங்கள் அட்டைப் பெட்டிக்குள் போய்விட்டன. அடுப்பு மட்டும் வெளியே இருந்தது. பெட்டிகளின் மேல் ஒரே துணியில் தைத்த ஜன்னல் திரைகள், இரண்டு அடுக்காக.

"எங்கேயாவது குடிபோறதா இருந்தீங்களா?" என்றார் மேடம்.

"ஆமா மேடம். முப்பத்தொரு வருஷம் மேலயும் கீழயும் போயாச்சு, இனிமே மாடியே இல்லாத ஊரா பார்த்துத் தரையோட தரையா ஒரு வீடு வாங்கணும்பாரு. பக்கத்துலயே அண்ணனுக்கும் ஒண்ணு. அவரு ஒத்தைக்கட்டை ஆயிட்டாரே, அண்ணி போனதிலேர்ந்து. அந்த வீட்டு ஜன்னலுக்கும் சேர்த்துத்தான் தைச்சேன்."

அண்ணன் என்றது கூடப்பிறந்தவரை அல்ல. கணவரோடு ஜோடியாக வேலை பார்த்த இன்னொரு லிஃப்ட் மெக்கானிக்கை. ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே நாளில் ஓய்வு பெற வேண்டியவர்கள். ஒருவர் கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம், இன்னொருவர் அவர் தோளுக்குக் கூட வரமாட்டார். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் நெட்டையும் குட்டையும் வந்தாச்சு என்பார்கள். செத்தது நெட்டை.

"வீடு வாங்கப் பணம்?"

"ரெண்டு பேரும் வாயைக் கட்டி வயித்தைக் கட்டி மாசா மாசம் போட்ட கணக்கு ஒண்ணு இருக்கு மேடம். ரெண்டு பேர் பேர்லயும். யார் வேணா எடுக்கலாம். ஆனா எடுத்ததில்ல. புஸ்தகம் அண்ணன்கிட்ட இருக்கு. இந்த அலைச்சலெல்லாம் ஓயட்டும்மா, நானே பேங்குக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்காரு." அந்த அம்மாள் கடிதத்தைத் தொட்டுக் காட்டினார். "பணம் வேணாம்னு நான் சொல்லல. பணம் வராட்டி எங்க போவேன்? ஆனா மூணாவது பத்தியில கவனக்குறைவுன்னு எழுதியிருக்காங்களே, அதை அழிக்கணும் மேடம். ஒரு பல்பு மாத்தறதுக்குக் கூட மெயினை அணைச்சுட்டு நாலு தடவை தடவிப் பார்ப்பாரு. அவரா?"

"அவரோட கருவிப் பை போலீஸ்ல திருப்பிக் கொடுத்தாச்சா?"

"நேத்துதான் கொண்டுவந்து போட்டாங்க. நான் இன்னும் தொடல."

பையைத் தூக்கும் பொறுப்பு வழக்கம் போல ரேடியோவுக்கு வந்தது. பழைய தோல் பை, கன்றுக்குட்டி கனம். வாசல் வரை வந்த அந்த அம்மாள் மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"இன்னொண்ணு மேடம். கேக்கவே கூச்சமா இருக்கு. மூணு வருஷமா ஞாயித்துக்கிழமைன்னா அவரு வீட்ல தங்கினதில்ல. கேட்டா வேலைம்பாரு. ஆபீசெல்லாம் பூட்டிக் கிடக்கிற நாள்ல எந்த லிஃப்டை ரிப்பேர் பண்றது? அந்தக் காசையும் நான் கண்ணால பார்த்ததில்ல. எங்க போனாருன்னு எனக்குத் தெரியணும். நல்லதோ கெட்டதோ."

"நாலு மணிக்கு அந்த பில்டிங்குக்கு வந்துடுங்க," என்றார் மேடம்.

காரில் ஏறியதும் ரேடியோ ஒலிக்க ஆரம்பித்தான். "ஞாயித்துக்கிழமை, காசு கணக்கில் வராது, பெண்டாட்டிக்குத் தெரியாது. இதுக்கு மேல என்ன மேடம் துப்பு வேணும்? சின்ன வீடுதான். அந்தச் சின்ன வீட்டுப் புருஷனோ அண்ணனோ வந்து..."

"பையைத் திற."

திறந்தான். ஸ்பேனர்கள், கிரீஸ் டப்பா, பழைய துணி. ஓர் ஓரத்தில் விரல் நீளத்தில் ஒரு எண்ணெய்ப் புட்டி. மேடம் அதன் மூடியைத் திறந்து அவன் மூக்குக்கு அடியில் நீட்டினார். தண்ணீர் போல மெல்லிய எண்ணெய். கூடவே ஒரு தீப்பெட்டியில் நாலைந்து ஊசிகள், நூல் சுற்றும் பாபின் இரண்டு.

"லிஃப்டுக்கு ஊசி போடுவாங்களா?"

"காய்ச்சல் வந்தா போடுவாங்க," என்றான் ரேடியோ. பிறகு அவனுக்கே உறைத்தது. "தையல் மெஷின்! மனுஷன் ஞாயித்துக்கிழமை தையல் மெஷின் ரிப்பேர் பார்த்திருக்கார்."

"சின்ன வீட்டுக்குப் போறவர் ஊசியும் பாபினும் எடுத்துட்டுப் போக மாட்டார். நீ வேணா போவே." மேடம் வண்டியைக் கிளப்பினார். "அது சரி, ரிடையர் ஆறதுக்கு நீ எவ்வளவு சேர்த்து வெச்சிருக்கே?"

"எனக்கு அந்தக் கவலையே கிடையாது மேடம். வேலையில இருக்கும்போதே போய்ச் சேர்ந்துடறதா பிளான்."

சொன்ன பிறகுதான் அந்தத் திரைகள் நினைவுக்கு வந்தன. இரண்டு அடுக்கு. நாக்கைக் கடித்துக்கொண்டான். அடுத்த ஐந்து நிமிடம் அவன் வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. பதினான்கு வருடத்தில் அது ஒரு சாதனை.

ஒன்பது மாடி ஆபீஸ் கட்டடம். கட்டியவரே இப்போது பார்த்தால் வெட்கப்படும் அளவுக்குப் பழையது. லிஃப்டின் வாசலில் குறுக்கே கயிறு கட்டி, 'வேலை நடக்கிறது' என்ற பலகையைத் தொங்கவிட்டிருந்தார்கள். வேலை ஒன்றும் நடக்கவில்லை. வாட்ச்மேன் மட்டும் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"நான் பின்னாடி தண்ணி மோட்டார் ரூம்ல இருந்தேம்மா. டமார்னு ஒரு சத்தம். இந்தக் காலை வெச்சுக்கிட்டு நான் வந்து சேர அஞ்சு நிமிஷம் ஆச்சு. லிஃப்ட் தரைக்கு ரெண்டடி மேல நிக்குது. அந்தச் சந்து வழியா குட்டையண்ணன் பள்ளத்துக்குள்ள இறங்கி, அவரைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுவுறாரு. இப்பவும் காதுலயே இருக்கு."

"குட்டை அதுக்கு முன்னாடி எங்கே இருந்தாராம்?"

"துடைக்கற பஞ்சு தீர்ந்துபோச்சுன்னு எதிர்க் கடைக்குப் போனாராம். சத்தம் கேட்டு ஓடியாந்து அப்படியே பள்ளத்துல குதிச்சேன்னாரு."

"கடைக்காரர் என்ன சொல்றார், ரேடியோ?"

"போலீஸ் ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு நேத்தே கேட்டாச்சு மேடம். பஞ்சு வாங்கினது நிஜம். எத்தனை மணிக்குன்னு கேட்டா, அந்த ஆளுக்கு அவர் கல்யாண நாளே ஞாபகம் இல்லையாம்."

"அப்புறம்?" என்று வாட்ச்மேன் பக்கம் திரும்பினார் மேடம்.

"தீயணைக்கறவங்க வந்தாங்க. லிஃப்டை மேல தூக்கலாம்னு பார்த்தா கரண்ட் இல்ல. மேல போய்ப் பார்த்தா ஃபியூஸ் கட்டையே இல்ல. குட்டையண்ணன்தான் சொன்னாரு, அது அவன் சட்டைப் பையில இருக்கும் பாருங்கன்னு. இருந்துச்சு. அதைக் கொண்டுபோய் மாட்டித்தான் தூக்கினாங்க."

மேடம் மாடிப்படிகளில் ஏற ஆரம்பித்தார். ஒன்பது மாடி. ரேடியோ கருவிப் பையோடு பின்னால் ஏறினான். ஐந்தாவது மாடியில், ஓய்வு என்பது பணமெல்லாம் இல்லை, உட்காருவதற்கு ஒரு நாற்காலிதான் என்று ஒரு தத்துவம் சொன்னான். யாரும் கேட்கவில்லை.

மொட்டை மாடியில் லிஃப்ட் மோட்டார் இருக்கும் சின்ன அறை. சுவரில் இரும்புப் பெட்டி. அதற்குள் வெள்ளைப் பீங்கானில் ஒரு ஃபியூஸ் கட்டை. உள்ளங்கையில் அடங்கும்.

"மெக்கானிக்குகளுக்கு ஒரு பழக்கம் உண்டு," என்றார் மேடம், மூச்சு வாங்கியபடி. "பள்ளத்துல இறங்கறதுக்கு முன்னாடி இந்தக் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில போட்டுக்குவாங்க. கட்டை என் பையில இருந்தா உலகத்துல எவனும் லிஃப்டை ஓட்ட முடியாது. அவங்களுக்கு அதுதான் உயிர்."

"நெட்டையும் அப்படித்தானே செஞ்சிருக்கார். பையில கட்டை. அன்னிக்கு இங்கே பெட்டி காலி. அப்புறம் லிஃப்ட் எப்படி ஓடும்? ஆக, பிரேக்தான் வழுக்கியிருக்கணும். கம்பெனி சொல்றது சரிதானே மேடம்?"

"அங்கே என்ன தொங்குது பார்."

ரேடியோ எட்டிப் பார்த்தான். லிஃப்ட் ஓடும் சுரங்கத்தில், கம்பிக் கயிறுகளின் மறுமுனையில், ஆள் உயரத்துக்கு இரும்புக் கட்டிகள் அடுக்கியிருந்தன.

"லிஃப்ட் ஒரு தராசு. ஒரு தட்டுல லிஃப்ட் பெட்டி, இன்னொரு தட்டுல இந்த இரும்பு. உள்ளே பாதி ஆட்கள் ஏறினா ரெண்டும் சரியா இருக்கும். ஆளே இல்லாத காலி லிஃப்டை விட இந்த இரும்பு கனம். இப்போ சொல்லு. லிஃப்ட் காலி. பிரேக் வழுக்குது. எந்தத் தட்டு இறங்கும்?"

ரேடியோ இரண்டு கைகளையும் தராசு போல நீட்டிப் பார்த்தான். ஒரு கை இறங்கியது. இன்னொரு கை ஏறியது. ஏறிய கையை அவன் வெறித்துப் பார்த்தான்.

"லிஃப்ட் மேல போகும்!"

"மேலே வந்து இந்த அறையோட தரையை முட்டியிருக்கணும். நெட்டை தலையில ஒரு தூசி கூட விழுந்திருக்காது. காலி லிஃப்ட் தானா கீழே வராது, ரேடியோ. மோட்டார் போட்டு யாரோ இறக்கியிருக்காங்க."

"கட்டை இல்லாம மோட்டார் எப்படி..."

மேடம் இரும்புப் பெட்டியின் மூடியைக் காட்டினார். உட்புறத்தில் ஒரு ஆணி. ஆணிக்குக் கீழே தூசி படிந்த பரப்பில், தூசியே படியாத ஒரு சதுரம்.

"அவசரத்துக்குன்னு ஒரு ஸ்பேர் கட்டை இங்கே தொங்கும். எத்தனையோ வருஷமா தொங்கியிருக்கு. இப்போ இல்லை."

ரேடியோ கீழே உட்கார்ந்துவிட்டான். எவனோ ஸ்பேரை எடுத்து மாட்டியிருக்கிறான். லிஃப்டை இறக்கியிருக்கிறான். பிறகு அதைப் பிடுங்கிக்கொண்டும் போயிருக்கிறான். ஏன்?

"மேடம், எனக்கு ஒண்ணு இடிக்குது. அந்தக் கட்டையை அப்படியே விட்டுட்டுப் போயிருந்தா அவனுக்கு எவ்வளவு சவுகரியம்! நெட்டை பையில இருக்கறதை மட்டும் உருவிட்டா, ஃபியூஸ் எடுக்க மறந்துபோய் இறங்கிட்டார், கிழவருக்கு ரிடையர்மென்ட் ஞாபகம்னு ஊரே சொல்லிட்டுப் போயிருக்கும். பிரேக் கதையே தேவைப்பட்டிருக்காது. எந்தக் கொலைகாரனாவது கட்டின கதையைத் தானே கெடுத்துக்குவானா?"

"நல்ல கேள்வி," என்றார் மேடம். "அந்தத் தப்பைச் செய்யக்கூடியவங்க ரொம்பக் கொஞ்சம் பேர்தான். மூணு மணிக்கு வரச் சொல்லியிருக்கேன்."

வரும் வழியில் மேடம் அவனைக் காரிலேயே விட்டுவிட்டுத் தனியாக மூன்று இடங்களுக்குப் போய்விட்டு வந்திருந்தார். எங்கே என்று ரேடியோவிடம் மூச்சு விடவில்லை. அந்த முகத்தில் இருந்த இறுக்கத்தைப் பார்த்து அவனும் கேட்கவில்லை.

மூன்று மணிக்குக் குட்டை வந்தார். ஓய்வு பெற்ற பிறகும் கழற்றாத நீல யூனிஃபார்ம், நகக்கண்ணில் போகாத கறுப்பு, பல வருடம் கட்டையைச் சுமந்து தொங்கிப்போன சட்டைப் பை. பதினோரு நாளில் கன்னம் ஒட்டியிருந்தது. அந்தத் துக்கம் நடிப்பில்லை என்று ரேடியோவுக்குத் தோன்றியது. பாவம் என்றும் தோன்றியது.

"கேளுங்க மேடம். அவனுக்காக எதுன்னாலும் சொல்றேன். அந்தத் தங்கச்சிக்கு நியாயம் கிடைக்கணும்."

லிஃப்டை முதல் மாடியில் நிறுத்தி, கீழ்க் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். மேடம் பள்ளத்தின் விளிம்பில் நின்று அதையும் இதையும் கேட்டார். கேட்டுக்கொண்டே கைப்பையைத் துழாவினார். கார் சாவி நழுவிப் பள்ளத்தில் விழுந்தது.

"அடடா. இடுப்பளவு ஆழம்தானே, கொஞ்சம் இறங்கி எடுத்துத் தந்துடறீங்களா? நீங்கதான் பழக்கப்பட்டவர்."

"அதுக்கென்ன மேடம்," என்று சொல்லிவிட்டு, குட்டை மாடிப்படிப் பக்கம் நடந்தார்.

"எங்கே போறீங்க?"

"மேலதான். ஃபியூஸைப் பிடுங்கிட்டு வந்துடறேன்."

"ஒரு நொடி வேலைங்க. ஒன்பது மாடி ஏறணுமா? ரேடியோ பட்டன் கிட்டவே நிப்பான். யாரையும் தொட விடமாட்டான்."

குட்டை லேசாகச் சிரித்தார். "நீங்க தப்பா நினைக்கக் கூடாது மேடம். கீழே தங்கமே விழுந்து கிடந்தாலும் கட்டை என் பையில இல்லாம கால் உள்ளே போகாது. நான் வைன்னு சொன்னாலும் அது வைக்காது."

போனார். ரேடியோ வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பி வந்தபோது வேர்த்துக் கொட்டியது. சட்டைப் பை கனத்துத் தொங்கியது. ஒருமுறை பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கி, சாவியை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார்.

சாவியை வாங்கிக்கொண்டு மேடம் சாதாரணமாகக் கேட்டார். "அன்னிக்கும் இப்படிக் கட்டையைப் பிடுங்கிட்டுத்தான் இறங்கினீங்களா?"

மேலே ஏறப் பள்ளத்தின் விளிம்பைப் பிடித்திருந்த குட்டையின் கை அப்படியே நின்றுவிட்டது.

"பிடுங்கினீங்கன்னா, எந்தக் கட்டையை? அவரோட கட்டை அவர் பையில இருந்தது."

"இல்ல... அன்னிக்குப் பதட்டத்துல... அப்படியே இறங்கிட்டேன் மேடம்."

"தங்கம் விழுந்தாலும் இறங்காத கால் அன்னிக்கு மட்டும் இறங்கிடுச்சு. சரி, நம்பறேன். அப்படின்னா லிஃப்டை ஓட்டின கட்டையை யார் எடுத்தாங்க?"

"ஓட்டலை மேடம். பிரேக் வழுக்கி..."

"காலி லிஃப்ட் கீழே வராது." மேடத்தின் குரல் உயரவே இல்லை. "எனக்கு இது நேத்துதான் தெரிஞ்சுது. உங்களுக்கு முப்பத்தொரு வருஷமாத் தெரியும்."

குட்டை விளிம்பிலிருந்த வலது கையை எடுத்தார். அதைத் திருப்பிப் பார்த்தார், யாருடையதோ போல.

"கை தானா எடுத்திருச்சு மேடம்," என்றார். "ஸ்பேரை மாட்டி, இறக்கி... சத்தம் கேட்டுச்சு. அப்புறம் அந்தக் கட்டையை அங்கேயே விட்டுட்டுக் கீழே ஓடி, அவன் பையில இருக்கறதை மட்டும் எடுத்துடணும்னுதான் கணக்கு. பள்ளத்துக்கிட்ட வந்து நின்னா, என் பை கனக்குது. வரும்போதே பிடுங்கிட்டு வந்திருக்கேன். எனக்கே தெரியாம. திரும்ப ஒன்பது மாடி ஏறலாம்னா வாட்ச்மேன் வர்ற சத்தம்."

மேடம் வரச் சொல்லியிருந்த இன்ஸ்பெக்டர் முன்கதவின் மறைவிலிருந்து வெளியே வந்து, குட்டையின் பக்கத்தில் நின்றார்.

"அந்த ஸ்பேர்?"

"வீட்ல. அலமாரியில என் சம்சாரம் போட்டோவுக்குப் பின்னாடி."

"பேங்குல எவ்வளவு இருக்கு?" என்றார் மேடம்.

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே. ஒண்ணும் இல்ல." குட்டை மேலே ஏறி விளிம்பிலேயே உட்கார்ந்தார், கால்களைப் பள்ளத்தில் தொங்கவிட்டு. "அவ படுத்த படுக்கையா ஆனப்போ முதல்ல கொஞ்சம் எடுத்தேன். திருப்பி வெச்சுடலாம்னுதான். அப்புறம் இன்னும் கொஞ்சம். ஆஸ்பத்திரிக்காரன் எதைக் கேட்டாலும் எடுத்தேன். அவளும் போயிட்டா, பணமும் போயிருச்சு. ஆறு வருஷம் ஆச்சு."

"சொல்லியிருக்கலாமே?"

"அன்னிக்கே சொல்லியிருக்கணும். ஒரு மாசம் தள்ளிப்போட்டேன். மாசம் பொறந்தா அவன் பங்கைக் கொண்டுவந்து கையில கொடுத்துட்டு, எவ்வளவுடா ஆச்சும்பான். நான் ஒரு தொகை சொல்லுவேன். அடுத்த மாசம் அதுக்கு மேல ஒண்ணு. அவன் கொடுத்ததெல்லாம் ஆஸ்பத்திரிக் கடனுக்கே போச்சு. இந்த மூணு வருஷமா தொகையைச் சொல்லக் கூட விடமாட்டான். சரிடா, இருக்குல்ல, போதும்பான். அவ்வளவு நம்பிக்கை என் மேல." அவர் சட்டைப் பையை ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டார். "ரிடையர் ஆன அன்னிக்கு ரெண்டு பேரும் சேர்ந்து பேங்குக்குப் போறதா ஏற்பாடு. புதுச் சட்டை வாங்கி வெச்சிருந்தான், எனக்கும் சேர்த்து. அந்த கவுண்டர்ல நின்னுக்கிட்டு அவன் மூஞ்சியை நான் எப்படிப் பார்ப்பேன்? அவன் என்னைத் திருடனா பார்க்கறதை என்னால தாங்க முடியாது மேடம். அதுக்கு அவன் இல்லாமலே இருந்துடலாம்னு... தெரிஞ்சிருந்தா காறித் துப்பியிருப்பான்."

"தெரியும்," என்றார் மேடம்.

குட்டைக்குப் புரியவில்லை. ரேடியோவுக்கும்தான்.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி அந்த பேங்குக்கு அவரே போயிருக்கார். வீடு ஒண்ணு விலைக்கு வருது, இருக்கிற பணம் போதுமான்னு கேட்க. கணக்கு காலின்னு கிளார்க் சொல்லியிருக்கார். எடுத்த தேதியெல்லாம் வாங்கிப் பார்த்திருக்கார். உங்க சம்சாரம் படுத்திருந்த மாசங்கள்தான்னு அவருக்கு வேற யாரும் சொல்லணுமா? அங்கே பெஞ்சுல ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாராம். போகும்போது ஒரே ஒரு வார்த்தை. நான் வந்தேன்னு அவன்கிட்ட சொல்லிடாதீங்க."

கட்டடத்தில் எங்கோ ஒரு போன் அடித்து ஓய்ந்தது.

"நீங்க பொய்யா ஒரு தொகையைச் சொல்றதைக் காது கொடுத்துக் கேட்க அவருக்கு மனசு வரலை. அதனாலதான் சொல்ல விடாம நிறுத்தியிருக்கார். ரேடியோ, அந்தப் பையோட அடித்தட்டைத் தூக்கு."

கருவிப் பையின் அடியில் ஒரு தகரத் தட்டு. நாள் முழுக்கச் சுமந்தும் ரேடியோ அதைக் கவனிக்கவில்லை. தூக்கினான். துடைக்கும் பஞ்சில் சுற்றி ஒரு நீல நிறச் சேமிப்புப் புத்தகம்.

"அது அங்கே இருக்கும்னு எப்படி மேடம்..."

"ஊசியையும் பாபினையும் வெச்சுத் தையல் கூடத்தைப் பிடிச்சேன், அவங்க சேமிப்பு ஆபீசைக் காட்டினாங்க. அங்கே ஒவ்வொரு திங்கட்கிழமையும் அந்தத் தட்டுக்கு அடியிலேர்ந்துதான் எடுப்பாராம்." மேடம் புத்தகத்தைக் குட்டையின் மடியில் வைத்தார். "மூணு வருஷம். ஒரு ஞாயிறு விடாம ஒரு தையல் கூடத்துல மெஷின் ரிப்பேர். மறுநாள் இதுல போட்டுடுவார். அட்டையில பேரைப் பாருங்க."

குட்டை பார்த்தார். இரண்டு பெயர்கள். முதலில் நெட்டையுடையது. கீழே அவருடையது.

"உங்க பெண்டாட்டி பேரைப் போடலையான்னு சேமிப்பு ஆபீஸ்ல கேட்டிருக்காங்க. அவளுக்கு நான் இருக்கேன், அவனுக்கு யார் இருக்கான்னாராம். ரிடையர் ஆகிற அன்னிக்கு, பேங்க் வாசல்ல வெச்சே இதைக் கையில கொடுக்கறதா இருந்திருக்கார். உள்ளே போக வேண்டியதே இல்லைன்னு."

குட்டை புத்தகத்தைப் பிரித்தார். ஒவ்வொரு திங்கட்கிழமையாகப் புரட்டினார். எண்கள் தெரியவில்லையோ, கண் நிறைந்திருந்ததோ, கடைசிப் பக்கத்தில் கட்டை விரலை வைத்தபடி நிமிர்ந்தார். பக்கத்தில் கறுப்பாக ரேகை பதிந்தது.

"எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டார்.

மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் தரையைப் பார்த்தார். ரேடியோ குனிந்து அந்தப் புத்தகத்தை மெதுவாக வாங்கிக்கொண்டான்.

"இருக்குங்க," என்றான். "போதும்."

இன்ஸ்பெக்டர் அவரை எழுப்பினார். நடக்கும்போது குட்டை சட்டைப் பையிலிருந்த ஃபியூஸ் கட்டையை எடுத்து வாட்ச்மேனிடம் கொடுத்தார். மாட்டிட்டுக் கதவைச் சாத்திடுங்க, யாராவது விழுந்துடப் போறாங்க என்றார். பின்வாசல் வழியாக ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

"அந்த மூணாவது பத்தியை அவங்களே திருத்தி எழுதுவாங்க," என்றார் மேடம். "பணிக்கொடையும் வந்துடும். நஷ்ட ஈடும் வாங்கிடலாம்." ஜெயித்தவர் பேசுவது போல அது இல்லை. நாற்காலி கிடைத்தால் தேவலை என்பது போலச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

மணி நாலு. முன்வாசலில் அந்த அம்மாள் வந்துகொண்டிருந்தார், கையில் ஒரு டிபன் கேரியரோடு. தூரத்திலிருந்தே கண்ணால் தேடினார்.

"அண்ணனும் இங்கதான் இருப்பாருன்னு சொன்னாங்களே? தனியா இருக்காரு, ஒழுங்கா சாப்பிடறதில்லன்னு ரெண்டு வாய் கொண்டுவந்தேன். எங்கே அவரு?"

மேடம் ரேடியோவைப் பார்த்தார். எத்தனையோ வீடுகளில் எத்தனையோ கெட்ட செய்திகளைச் சொன்னவர், இந்த முறை அதை அவனிடம் விட்டுவிட்டார். பேசுவதற்கென்றே பிறந்தவன் அவன்தானே. அந்த அம்மாளின் கையிலிருந்து கேரியரை வாங்கிக் கீழே வைத்தான். வாட்ச்மேனின் ஸ்டூலை இழுத்துப் போட்டான். நீலப் புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எதை முதலில் சொல்வது, எதைக் கடைசியில் சொல்வது என்று ஒரு நிமிடம் யோசித்தான். நல்லதிலிருந்து தொடங்கலாம் என்று தோன்றியது.

"உங்க வீட்டுக்காரர் ஞாயித்துக்கிழமை எங்கே போனாருன்னு கேட்டீங்கல்லம்மா," என்றான். "சொல்றேன். உட்காருங்க."